‘ஒண்ணுமே தெரியலையே’: நம் கையில் இருக்கும் கேமரா பற்றி

எங்களிடம் ஒரு சாவு ஊர்வலத்தின் வீடியோ இருக்கிறது. 11 நிமிடம். வட மாவட்டக் கிராமம் ஒன்றில் காலனி மக்கள் காலங்காலமாகப் போய்வந்த சுடுகாட்டுப் பாதையை முள்வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். பாடையைத் தூக்கியவர்கள் நடவு முடிந்த வயலில், முழங்கால் சேற்றில் இறங்கிப் போனார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சிலர் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். எங்கள் தோழர் ஒருவர் இதை முதலிலிருந்து கடைசிவரை செல்போனில் பதிவு செய்தார். அன்றைக்கு அதைச் செய்ய ஒரு துணிச்சல் வேண்டும். அவருக்கு அது இருந்தது.

புகார் கொடுக்கப் போனபோது அந்த வீடியோவைப் பென் டிரைவில் போட்டு எடுத்துப்போனோம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்ற நினைப்பு. அதிகாரி கணினியில் ஓட்டினார். நாற்பது நொடி பார்த்திருப்பார். “என்னப்பா இது, ஒண்ணுமே தெரியலையே. தலைதான் சுத்துது” என்று மூடிவிட்டார்.

அன்று எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பார்க்க மனமில்லாதவனுக்கு எதுவும் தெரியாது என்று வெளியே வந்து டீக்கடையில் நின்று பேசித் தீர்த்தோம். இரவு, தோழர் ஒருவரின் வீட்டு டிவியில் அதே வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். வானம், சேறு, யாருடைய சட்டையோ, எங்கள் தோழரின் கால், மறுபடி வானம். திட்டும் குரல் கேட்கிறது. யார் வாயிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. வேலி மொத்தத்தில் இரண்டு நொடி வருகிறது, அதுவும் சாய்ந்து. அந்த அதிகாரிக்குப் பார்க்க மனமில்லை என்பது உண்மைதான். ஆனால் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையைத்தான் முதல் உண்மை கவசமாகப் போட்டுக்கொண்டது.

இதை எழுதக் காரணம் அதுதான். களத்தில் நிற்கும் நம் பிள்ளைகள் எல்லோர் கையிலும் இன்று கேமரா இருக்கிறது. ஆனால் ஆடாமல் படமெடுப்பது பற்றி நமக்குள் யாரும் பேசுவதில்லை. அது சினிமாக்காரர்கள் விஷயம், காசு இருப்பவர்கள் விஷயம் என்று விட்டுவிடுகிறோம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. குறைந்த செலவில் ஆடாத படம் எடுப்பது, இன்றைய நிலையில், மனு எழுதத் தெரிவதற்குச் சமமான இயக்க வேலை.

உடனே ஒரு மறுப்பு வரும். குறும்பட விழாக்களுக்குப் போய்வரும் நண்பர்கள் சொல்வார்கள்: “நடுக்கம்தானே தோழர் நிஜம். ஆடுகிற படத்தில்தான் களத்தின் பதற்றம் இருக்கிறது.” இந்தப் பேச்சைப் பல இடங்களில் கேட்டுவிட்டோம். பெரிய படங்களில் லட்சக்கணக்கான ரூபாய் கேமராவை வேண்டுமென்றே ஆட்டி எடுக்கிறார்கள். அவர்களுக்கு அது ஓர் அழகு. ஆடாமல் எடுக்க முடிந்தவன் ஆட்டி எடுத்தால் அது பாணி. ஆடாமல் எடுக்க வழியில்லாதவன் எடுத்தது ஆடினால் “சரியா தெரியலையே”. ஒரே ஆட்டத்துக்கு இரண்டு நியாயம் இருக்கும் நாட்டில் நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று நண்பர்களுக்கே தெரியும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1991 மார்ச் 3, லாஸ் ஏஞ்சல்ஸ். ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர்கள் தடியால் அடித்து நொறுக்கியதை, ஜார்ஜ் ஹாலிடே என்பவர் தன் வீட்டுப் பால்கனியிலிருந்து சோனி ஹேண்டிகேமில் எடுத்தார். உலகம் முழுக்க அந்தக் காட்சி ஓடியது. ஆனால் நாடாவின் தொடக்கத்தில் சில நொடிகள் ஃபோகஸ் இல்லாமல் கலங்கி இருந்தன. தொலைக்காட்சிக்காரர்கள் அதை வெட்டிவிட்டுத்தான் ஒளிபரப்பினார்கள். நீதிமன்றத்தில் காவலர்களின் வழக்கறிஞர்கள் பிடித்துக்கொண்டது அந்தக் கலங்கிய நொடிகளைத்தான். அதில் கிங் காவலர் மீது பாய்ந்தார் என்றார்கள். மீதிப் படத்தையும் ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி நிறுத்திக் காட்டி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு விளக்கம் சொன்னார்கள். 1992 ஏப்ரல் 29 அன்று நான்கு காவலர்களும் ஏறத்தாழ எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுபட்டார்கள். அந்தக் கலங்கல்தான் அவர்களை விடுவித்தது என்று நாங்கள் சொல்லவில்லை. வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த நடுவர் குழுதான் விடுவித்தது. ஆனால் விடுவிக்க விரும்பியவர்களுக்குக் கைப்பிடி கொடுத்தது அந்தக் கலங்கல்.

அதே நாட்டில் 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டபோது, நடைபாதையில் நின்ற 17 வயதுப் பெண் டார்னெல்லா ஃப்ரேசியர் தன் செல்போனில் ஏறக்குறைய பத்து நிமிடம் நிறுத்தாமல் எடுத்தார். காவல்துறையின் முதல் அறிக்கை அதை ஒரு “மருத்துவப் பிரச்சினை” என்றுதான் சொல்லியிருந்தது. அந்தப் பெண்ணின் வீடியோ வந்த பிறகு அந்த அறிக்கை செத்துப்போனது. அவர் கையில் இருந்தது எல்லோரிடமும் இருக்கும் போன்தான். விட்டுவிட்டு ஓடாமல், நிறுத்தாமல், ஓரிடத்தில் நின்றதுதான் வேறுபாடு.

நம் பக்கம் வருவோம். கோகுல்ராஜ் வழக்கில் 2015-இல் திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராக் காட்சி முக்கியச் சான்றாக நின்றது. 2016 மார்ச்சில் உடுமலையில் சங்கர் வெட்டப்பட்டதை ஒரு கண்காணிப்புக் கேமராதான் நாட்டுக்குக் காட்டியது. சுவரில் திருகிய கேமரா ஆடாது. ஆனால் அந்தச் சுவர் நம்முடையது அல்ல. யாருடைய சுவரோ அவர்கள் கொடுத்தால் உண்டு, “அன்னைக்கு வேலை செய்யல” என்று சொல்லிவிட்டால் இல்லை. காலனிக்குள் கண்காணிப்புக் கேமரா வைக்கிறார்கள் என்றால் அது நம்மைப் பார்க்க, நமக்காகப் பார்க்க அல்ல. ஆகவே ஆடாத கண் ஒன்று நமக்கு வேண்டுமென்றால், அது நம் உடம்பில்தான் இருந்தாக வேண்டும்.

உடம்பில் என்றுதான் சொல்கிறோம். கடையில் என்று சொல்லவில்லை. எங்கள் குழுவிலேயே இளைய தோழர்கள் முதலில் கேட்டது கிம்பல். மோட்டார் வைத்த பிடி. போனை மாட்டினால் அது தானே ஆட்டத்தைச் சமன் செய்யும். சில ஆயிரம் ரூபாய். நன்கொடை திரட்டலாமா என்று யோசித்தோம், ஒருவரிடம் இரவல் வாங்கியும் பார்த்தோம். வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் காசு மட்டுமல்ல. அதை விரித்து, போனை மாட்டி, சமன் செய்து, உயிர் கொடுப்பதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிடுகிறது. கூட்டத்தில் அதைத் தூக்கிப் பிடித்தால் “யார்ரா மீடியா?” என்று முதல் அடி கேமராவுக்கே விழும். இன்னொன்றும் உண்டு. ஒரு சாவு வீட்டில் அதை வைத்து எடுத்துப் பார்த்தோம். மிதந்து மிதந்து போகிறது. அழுகிற தாயைச் சுற்றி வழுக்கிக்கொண்டு வருகிறது. கல்யாண வீடியோவில் மணப்பெண்ணைச் சுற்றுமே, அப்படி. பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஆடாமல் இருப்பது வேறு, மிதப்பது வேறு என்று அன்று தெரிந்துகொண்டோம்.

பிறகு உண்மையிலேயே கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவரிடம் போனோம். காலனியிலேயே பிறந்தவர், மினி டிவி நாடா காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். எங்கள் 11 நிமிட வீடியோவைப் பொறுமையாக முழுதாகப் பார்த்த முதல் ஆள் அவர்தான். பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி: “ஏன் தம்பி இத்தனை தடவை ஜூம் பண்ணாரு?”

தூரத்தில் நின்று திட்டுகிறவனின் முகத்தைப் பிடிக்க நினைத்துத்தான் எங்கள் தோழர் ஜூம் போட்டார். நாலு மடங்கு ஜூம் போட்டால் முகம் நாலு மடங்கு பெரிதாகும். கை நடுக்கமும் நாலு மடங்கு பெரிதாகும். அதுவும் சாதாரண போனில் ஜூம் என்பது பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவதுதான். புதிதாக எதையும் அது பார்ப்பதில்லை. ஜூம் போடாமல் எடுத்திருந்தால் அந்த முகத்தைப் பிறகு கணினியில் பெரிதாக்கிப் பார்த்திருக்கலாம். முடிந்தால் நாலு அடி முன்னே போ, முடியாவிட்டால் அகலமாகவே எடு என்பதுதான் அண்ணனின் முதல் பாடம்.

இரண்டாவது, பிடிப்பது. ஒரு கையில் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பதுதான் நம் வழக்கம். கூட்டத்தில் வேறு வழியில்லாதபோது சரி. மற்ற நேரத்தில் இரண்டு கையாலும் படுக்கைவாக்கில் பிடித்து, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கால்களைக் கொஞ்சம் அகட்டி நிற்க வேண்டும். சாய ஒரு சுவர், மரம், மின்கம்பம், நிற்கிற ஆட்டோ எது கிடைத்தாலும் முதுகையோ தோளையோ அதில் கொடுத்துவிட வேண்டும். மூச்சை இழுத்துப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் பத்து நொடியில் கை உதறும். மெதுவாக விட்டுக்கொண்டே எடுக்க வேண்டும். முக்கியமாக, ஒரு காட்சியை எடுத்தால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை அங்கிருந்து நகரக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நம் கை நடுக்கத்தைவிட நம் கண்ணின் அவசரம்தான் படத்தைக் கெடுக்கிறது. இங்கே ஒரு சத்தம் கேட்டால் இங்கே, அங்கே ஒரு சத்தம் கேட்டால் அங்கே என்று போனைத் திருப்பினால் எதுவுமே பதிவாகாது.

அண்ணன் காட்டிய கயிற்று வித்தை ஒன்று உண்டு. போனை மாட்டும் மொபைல் ஹோல்டரின் அடியில் முக்காலியில் திருகுவதற்கான மரை இருக்கும். அந்த மரைக்கு ஒரு கால் அங்குல போல்ட். போல்ட்டில் ஒரு நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு, கேமராவை மேல்நோக்கி விறைப்பாக இழுத்துப் பிடித்தால் மேலும் கீழுமான நடுக்கம் பெரிதும் அடங்கிவிடுகிறது. ஹோல்டர், போல்ட், கயிறு மூன்றும் சேர்த்து எங்களுக்கு 150 ரூபாய்க்குள் முடிந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். பிடுங்கிக்கொண்டால்கூடப் பெரிய நட்டமில்லை, நம் வேலையில் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இரவில் இந்த வித்தைகள் மட்டும் போதாது. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு பிரேமுக்கும் அதிக நேரம் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்துக்குள் கை அசைந்தால் முகம் இழுபட்டுப் பதிவாகும். போனில் இருக்கும் ‘ஸ்டெபிலைசேஷன்’ பிரேம்களை முன்பின் நகர்த்தி ஆட்டத்தைக் குறைக்குமே தவிர, ஒரு பிரேமுக்குள் இழுபட்ட முகத்தைத் திரும்பக் கொண்டுவர அதனால் முடியாது. மென்பொருளால் மட்டும் இதைச் செய்யும் போன்களில் படத்தின் ஓரங்களும் வெட்டுப்படும். ஆகவே இரவில் வெளிச்சத்தைத் தேடிப் போங்கள்: தெருவிளக்கின் கீழ், வண்டியின் முகப்பு விளக்கு விழும் பக்கம். நம் தெருவிளக்குகள் ஏன் எரிவதில்லை என்பது தனிக் கட்டுரை.

நடந்துகொண்டே எடுப்பதுதான் கடினம். முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றிப் பாதத்தை உருட்டி நடக்கச் சொல்கிறார்கள். எங்களில் ஆண்கள் யாருக்கும் அது சரியாக வரவில்லை. ஒரு பயிற்சி நாளில் சித்தாள் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் வந்திருந்தார். சும்மா போனைக் கொடுத்து, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து எடுக்கச் சொன்னோம். இருபது வருடமாகக் கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரப் பலகையில் நடந்தவர். படம் ஒரு துளி ஆடவில்லை. “இதுல என்ன இருக்கு, கீழ பாக்காம நடக்கணும், அவ்ளோதான்” என்றார். உழைப்பின் மகத்துவம் என்று கவிதை எழுத இதைச் சொல்லவில்லை. கலவைச் சட்டி சுமப்பது ஒன்றும் பெருமையல்ல, அவர் பிள்ளைகள் அதைச் சுமக்கக் கூடாது என்பதுதான் எங்கள் கட்சி. ஆனால் நம் குழுக்களில் போன் எப்போதும் படித்த பையன்கள் கையிலேயே இருப்பது ஏன் என்று அன்று யோசித்தோம். அதன் பிறகு எங்கள் நடைக் காட்சிகளை அந்த அக்காதான் எடுக்கிறார்.

இனி இதைவிட முக்கியமானது. எதை ஆடாமல் எடுப்பது?

வன்கொடுமை தடுப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்கும் பிரிவு 3(1)(s), அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது. அப்படியென்றால் திட்டுகிறவனின் முகம் மட்டும் போதாது. அவன் நிற்கும் இடம், சுற்றி யார் யார் நிற்கிறார்கள், அது தெருவா வயலா வீட்டு உள்முற்றமா என்று தெரிய வேண்டும். அகலமான காட்சி பத்து நொடி, ஆடாமல். சுடுகாட்டைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது 2015 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 3(1)(za)-வில் வருகிறது. அப்படியென்றால் பாதை, வேலி, சுடுகாடு மூன்றும் ஒரே காட்சியில் வர வேண்டும். மூன்று துண்டாக எடுத்தால் அது வேறு ஊர் வேலி என்பார்கள். ஊர்ப் பெயர்ப் பலகையிலிருந்தோ ரேஷன் கடையிலிருந்தோ தொடங்கி, நிறுத்தாமல் அந்த இடம்வரை வருவது நல்லது. தொடங்கும்போது தேதி, நேரம், இடத்தை வாயால் சொல்லிவிடுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். முக்கியமான நேரத்தில் அழைப்பு வந்து பதிவு நின்றுபோன சோகம் எங்களுக்கு ஒருமுறை நடந்திருக்கிறது.

எடுத்த பிறகும் வேலை இருக்கிறது. ஆடிய படத்தைக் கணினி மென்பொருளில் போட்டு ஆட்டத்தை நீக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நீக்கலாம், ஆனால் பிரதியில் மட்டும். அந்த மென்பொருள் ஒவ்வொரு பிரேமையும் வளைத்து, வெட்டி, பெரிதாக்குகிறது. அது திருத்தப்பட்ட படம். மூலக் கோப்பின் மேல் ஒரு விரல்கூடப் படக் கூடாது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கி முகங்கள் கரைந்துபோகும்; ஆவணமாக அனுப்புங்கள், அல்லது கேபிளில் எடுங்கள். பிரதியைச் சான்றாகக் கொடுக்கும்போது சான்றிதழ் கட்டாயம் என்பதை 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அன்று அது சாட்சியச் சட்டத்தின் 65பி. இப்போது 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் பிரிவு 63. கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பையும் அந்தச் சான்றிதழில் எழுத வேண்டும். எடுத்த போனையே நீதிமன்றத்தில் காட்டி, எடுத்தவரே சாட்சி சொன்னால் அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆகவே அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதுசு வாங்கிவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், எங்கள் தோழர் ஒருவர் போட்டுவிட்டார்.

சட்டத்தைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்று. அதே வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவு 15ஏ(10), இந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் எல்லாம் வீடியோ பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. அரசின் கேமராவும் ஆடாமல் நிற்க வேண்டிய இடம் அது. நம்மைப் பார்த்து “தெரியலையே” என்று சொல்கிறவர்களிடம் “உங்கள் பதிவு எங்கே?” என்று கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

கை ஏன் நடுங்குகிறது என்பதற்கு இதுவரை இயந்திரக் காரணம் சொன்னோம். உண்மைக் காரணம் பயம். அதைச் சொல்வதில் வெட்கம் எதுவுமில்லை. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அந்த வீடியோவை எடுத்துப் பரப்பியவர்கள் அடித்த தரப்பினரே. தங்கள் குற்றத்தைத் தாங்களே படமெடுக்கும் அளவுக்கு அவர்களுக்குச் சட்டத்தின் மேல் பயமில்லை. படமெடுத்ததற்காகவே வீடு புகுந்து அடிப்பார்களோ என்று நம் பிள்ளைக்குப் பயம். இரண்டு கைகளிலும் இருப்பது ஒரே மாதிரி போன்தான்.

இந்தப் பயத்துக்கு நாங்கள் கண்ட மருந்து ஒன்றுதான்: தனியாக எடுக்க விடாதீர்கள். எங்கள் குழுவில் இப்போது இரண்டு பேராகத்தான் போகிறோம். ஒருவர் எடுப்பார். இன்னொருவர் அவருக்குப் பின்னால் நின்று இரண்டு தோளையும் பிடித்துக்கொள்வார். எடுப்பவர் திரையைப் பார்க்கட்டும், பின்னால் நிற்பவர் சுற்றிலும் பார்ப்பார். ஆள் வருகிறது என்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவார். பின்னோக்கி நடக்க வேண்டியிருந்தால் வழிநடத்துவார். தோளில் ஒரு கை இருக்கிறது என்று தெரிந்தால் உடம்பு தானாக அடங்குகிறது. கிம்பல் கம்பெனிக்காரர்கள் எவ்வளவு மோட்டார் வைத்தாலும் அந்தக் கையைச் செய்ய முடியாது என்பது எங்கள் கருத்து. மிகைப்படுத்துகிறோம் என்று நினைத்தால் அடுத்த முறை முயன்று பாருங்கள்.

ஆடாமல் எடுக்கத் தெரிந்துவிட்டால் வேறொரு ஆபத்தும் வருகிறது. எல்லாமே தெளிவாகத் தெரியும். அடிபட்டவரின் அவிழ்ந்த உடை தெரியும். சிறுமியின் முகம் தெரியும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். குழந்தையென்றால் போக்சோ சட்டம் தனியாகவே தடுக்கிறது. வழக்குக்கு எடுத்த படம் வழக்குக்கு மட்டும். நம் மக்கள் அடிவாங்கும் காட்சியை நாமே பகிர்ந்து பகிர்ந்து, நம் பிள்ளைகளே அதைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும்படி செய்துவிட்டோம் என்று எங்களுக்கு ஓர் உறுத்தல் உண்டு. இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வழி மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கியதை யாரோ எடுத்துப் பரப்பியதால்தான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. பரப்பாமல் இருந்திருந்தால்? என்று கேட்கிற தோழர்களுக்கு எங்களிடம் முழு பதில் இல்லை.

கையிருப்புக் கேமராவால் எவ்வளவு முடியும் என்பதற்கு நம் முன்னால் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஆர்.பி. அமுதன் 2003-இல் எடுத்த ‘பீ’, மதுரையில் மலம் அள்ளும் ஒரு பெண் தொழிலாளியைப் பின்தொடர்கிறது. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ 2017-இல் வந்தது. பல இடங்களில் திரையிட விடாமல் தடுத்தார்கள், யூட்யூபில் போட்ட பிறகு ஊர் ஊராகப் பார்த்தார்கள். இரண்டுமே பெரிய கம்பெனிப் பணத்தில் வந்தவை அல்ல. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் இடத்தில் அந்தக் கேமராக்கள் கடந்துபோகாமல் நிற்கின்றன. அந்தத் தொழிலாளர்கள் செய்கிற வேலையை முழுதாக, கண்ணை எடுக்காமல் பார்க்க வைக்கின்றன. பயிற்சி நாட்களில் நாங்கள் முதலில் போட்டுக் காட்டுவது இந்த இரண்டையும்தான்.

அந்த 11 நிமிட வீடியோவுக்கு வருவோம். வழக்கு இன்னும் நடக்கிறது, அதைப் பற்றி இங்கே எழுத முடியாது. இறந்தவரின் மனைவி ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். வீட்டில் அவருடைய படம் என்று ஒரு பழைய ரேஷன் கார்டுப் படம்தான் இருந்தது, அதுவும் மழையில் போய்விட்டது. “அன்னைக்கு நீங்க படம் புடிச்சீங்களே, அதுல அவரு மொகம் தெரியுதாப்பா?” என்றார்.

நொடிக்கு 30 பிரேம். 11 நிமிடத்துக்கு ஏறக்குறைய 20,000 பிரேம். இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். எல்லாம் சேறும் வானமும். ஏழாவது நிமிடத்தில் பாடையை வரப்பில் இறக்கி வைத்துத் தோள் மாற்றுகிறார்கள். களைத்துப்போன எங்கள் தோழர் அங்கே ஒரு பனைமரத்தில் சாய்ந்திருக்கிறார். அவராக யோசித்துச் சாயவில்லை, கால் வலித்துச் சாய்ந்தது. நாலு நொடி படம் ஆடாமல் நிற்கிறது. மாலைக்கு நடுவே முகம், வாயைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. அதில் ஒரு பிரேமை எடுத்து, கல்யாண வீடியோ அண்ணனின் கடையில் அச்சுப்போட்டு, கண்ணாடி மாட்டிக் கொடுத்தோம். அண்ணன் காசு வாங்கவில்லை.